பிரிட்டன் இல்லக் குழந்தைகள்

1869 முதல் பல பத்தாண்டுகளாகப் பிரிட்டனின் அநாதை இல்லங்களிலிருந்தும் ஏழை விடுதிகளிலிருந்தும் கனடாவின் பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 1,00,000 சிறார்கள். மரியா ரை, ஆனி மெக்ஃபர்சன் ஆகியோர் தொடங்கிய இத்திட்டத்தைப் பர்னார்டோ இல்லங்கள் பெரிதாக்கின. அநாதை என்ற சொல் முழுதும் பொருந்தாது. பலருக்குத் தாயோ தந்தையோ இருந்தனர், பிரித்தது வறுமை. எனவே இதை அறப்பணி என்பதைவிட ஆள் அனுப்புதல் என்பதே சரி. மரப்பெட்டியில் துணியும் பைபிளுமாக வந்திறங்கிய சிறுவனுக்கு மாட்டுத் தொழுவ வேலை காத்திருந்தது. லண்டன் சேரியைவிடப் பண்ணை மேல் என்பர். சிலர் நன்கு வாழ்ந்ததும் உண்மைதான். ஆனால் அனுப்பிய பிறகு கண்காணிப்பு போதவில்லை என்று பிரிட்டன் அரசு ஆய்வாளர் ஆண்ட்ரூ டாயிலின் அறிக்கை 1875-இலேயே குறை கூறியது. பெற்றோரின்றி வரும் 14 வயதுக்குட்பட்டோரைக் கனடா 1925-இல் தடுத்தது. இதற்காக அன்றைய பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டது 2010-இல்.