ஈறிழந்த சொற்கள்: ஆங்கிலப் பெயரும் வினையும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் பலர், அம்மொழியில் ஒரு சொல்லே ஓரிடத்துப் பெயராயும் பிறிதோரிடத்து வினையாயும் நிற்றலைக் கண்டு, அஃது இலக்கண வரம்பற்ற மொழியென எண்ணுவர். 'லவ்' என்பது அன்பையும் உணர்த்தும். அன்பு செய்தலையும் உணர்த்தும். 'பிஷ்' மீனுமாம், மீன் பிடித்தலுமாம். தமிழிலும் அடி, வெட்டு முதலிய முதனிலைகள் விகுதியின்றியே தொழிற்பெயராய் வருதலை நன்னூல் கற்றோர் அறிவர். ஆயினும் 'அடித்தான்' என விகுதியோ, 'அடியை' என உருபோ ஏறியவுடன் ஐயம் நீங்கிவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறு ஐயமகற்றும் ஈறுகள் மிகச் சிலவே. அவை ஆதிதொட்டே இல்லாதிருந்தனவோ, இருந்து ஒழிந்தனவோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அவை இருந்தன. 899ஆம் ஆண்டில் இறந்த அல்பிரட் மன்னன் காலத்து ஆங்கிலத்தில் அன்பென்னும் பெயர் 'லுவு'; அன்பு செய்தலாகிய வினை 'லுவியன்'. 'அவன் அன்பு செய்கிறான்' என்றற்கு 'லுவத்' என்றும், பன்மைக்கு 'லுவியத்' என்றும் ஈறு வேறுபடும். பெயரும் வேற்றுமைதோறும் ஈறு திரியும். இக்காலத்து 'ஆன்சர்' என ஒன்றாய் நிற்கும் சொல்லும் அன்று 'அண்ட்சுவரு' எனப் பெயராயும், 'அண்ட்சுவரியன்' என வினையாயும் பிரிந்தே வழங்கிற்று. (இதன் முற்பகுதி 'எதிர்' என்றும் பிற்பகுதி 'ஆணை' என்றும் பொருள்படும். தன்மேற் சாட்டிய குற்றத்தை ஆணையிட்டு மறுத்தலே இன்று வெறும் விடையாய்த் தேய்ந்துவிட்டது.)

இவ்வீறுகளை அழித்தவர் நோர்மானியரே எனக் கூறுவாருமுளர். இக்கூற்று முழுதும் பொருந்தாது. ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் முதனிலையில் அழுத்தம் பெறுவன. ஆகலின் ஈற்றுயிர்கள் முன்னரே மெலியத் தொடங்கின. 9ஆம் நூற்றாண்டில் வடக்கினும் கிழக்கினும் குடியேறிய டேனியரின் மொழியில் முதனிலைகள் ஆங்கிலத்தை ஒத்தும் ஈறுகள் வேறுபட்டும் இருந்தமை அம்மெலிவை விரைவுபடுத்திற்று என்பர் அறிஞர். 1066இன் பின் அரசவை மொழி பிரெஞ்சாயிற்று. பழைய எழுத்து மரபைக் காப்பார் இலராயினர். பீற்றர்பரோத் துறவிமடத்தார் 1154 வரை எழுதிய ஆண்டுக் குறிப்பின் இறுதிப் பகுதியில் ஈறுகள் பெரிதும் சிதைந்து கிடக்கின்றன. நோர்மானிய ஆட்சி நோயை உண்டாக்கவில்லை. நோயை மறைத்திருந்த போர்வையை நீக்கியது என்பதே எம் கருத்து.

அ, உ முதலிய ஈற்றுயிர்களெல்லாம் மெலிந்த 'எ' ஒன்றாய்க் குழைந்தன. வினையீற்று 'ன்' உதிர்ந்தது. 'லுவு'வும் 'லுவிய'னும் 'லுவெ' என்னும் ஒரே வடிவிற் கலந்தன. எஞ்சிய அவ்வெகரமும் 1400ஆம் ஆண்டை அடுத்து வாய்மொழியில் மறைந்தது. அவ்வாண்டில் இறந்த சோசர் என்னும் புலவர் தம் செய்யுளில் அதனைப் பலவிடத்து ஓரசையாக எண்ணியே பாடினார். பின்வந்தோர் அதனை ஒலியாது படித்து, அவர் பாட்டிற் சந்தம் குறைகின்றதென்றனர். டிறைடன் போன்ற பெரும்புலவரும் 1700இல் அவர் அடிகள் பல அசை குறைந்தன என்றே எழுதினார். 1775இல் தமது பதிப்பை வெளியிடத் தொடங்கிய தோமஸ் டிர்விற் என்பவரே அவ்வீற்றெழுத்தை ஒலித்துப் படித்தல் வேண்டுமென விளக்கிப் புலவரின் பழியைத் துடைத்தார். ஒரு சிற்றுயிரின் மறைவால் ஒரு பெரும் புலவன் முந்நூறாண்டுக்கு மேலாக யாப்பறியாதவனாய்த் தோன்றினான்!

மறைந்த ஈறு சிலவிடத்துத் தன் சுவட்டை விட்டே சென்றது. கன்றுக்குப் பெயர் 'காஃப்', கன்றீனுதல் 'காவ்'. வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' பெயராயின் ஈற்றில் வெறும் மூச்சொலி உடையது. வினையாயின் அவ்வொலி குரல் கலந்து அதிரும். புல்லுக்குரிய சொல்லும் மேய்தலுக்குரிய சொல்லும் அவ்வாறே ஓர் அடியிற் பிறந்து வேறுபட்டன. வினையில் முன்பு ஓர் ஈற்றுயிர் இருந்தது. உயிரொலிகளுக்கு இடைப்பட்ட மூச்சொலி மென்மையுற்றது. நாமும் 'கடல்' என்பதிலுள்ள ககரத்தைப் போல 'அகல்' என்பதிலுள்ளதை வன்மையாய் ஒலிப்பதில்லையன்றோ? உயிர் ஒழிந்தபின்னும் அது விளைத்த மென்மை ஒழியவில்லை.

இவ்வாறு ஈறு நீங்கவே, பெயரை வினையாக்கல் எளிதாயிற்று. செகப்பிரியர் இவ்வுரிமையை அச்சமின்றிக் கையாண்டார். ஆயினும் எல்லாரும் இதனை உவந்தாரல்லர். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1789 திசெம்பரில், தம் 83ஆம் வயதில், அகராதியாசிரியராய்ப் பின்னர்ப் புகழ்பெற்ற நோவா வெப்ஸ்டருக்கு ஒரு கடிதம் வரைந்தார். 'நோற்றிஸ்', 'அட்வொகேற்', 'புறோகிறெஸ்' என்னும் பெயர்களைச் சிலர் வினையாக வழங்குகின்றனர். இப்புதுமையை நீரும் கண்டிக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். ஆனால் 'புறோகிறெஸ்' என்பதைச் செகப்பிரியரே வினையாக ஆண்டுள்ளார். பெரியார் புதுப்பிழையெனக் கருதியது மறந்துபோன பழவழக்கே. அம்மூன்றும் இன்று எவரும் குறைகூறா வினைச்சொற்கள்.

ஈறின்றியும் பெயரையும் வினையையும் பிரித்தறிய ஆங்கிலேயர் வேறொரு வழியைக் கண்டனர், அது சொல்லழுத்தம். 'றெபல்' என்பதன் முதலசையை அழுத்தினால் கலகக்காரன்; இரண்டாமசையை அழுத்தினால் கலகஞ்செய்தல். 1570இல் பீற்றர் லெவின்ஸ் வெளியிட்ட எதுகையகராதியில் இத்தகைய இணைகள் 'அவுற்லோ', 'றெபல்', 'றெக்கோட்' என மூன்றே. 1934 அளவில் அவை நூற்றைம்பதாய்ப் பெருகின என ஆய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். பெருக்கம் இன்னும் ஓயவில்லை. முகவரியைக் குறிக்கும் 'அட்றெஸ்' என்னும் சொல்லை இங்கிலாந்தார் பெயராயினும் வினையாயினும் இரண்டாமசையிலேயே அழுத்துவர். அமெரிக்கர் பலரோ பெயராயின் முதலசையில் அழுத்துகின்றனர்.