பியானோத் தந்திகளை ஒலியடக்கும் முறைகளின் வளர்ச்சியும் ஊவா மலைநாட்டின் காலநிலையும்

பியானோவின் நடு ஸ்தாயியிலும் உச்ச ஸ்தாயியிலும் ஒரு கட்டையை அழுத்தும்போது எழுவது ஒற்றைத் தந்தியின் ஒலியன்று. அருகருகே இழுத்துக் கட்டப்பட்ட மூன்று தந்திகளை ஒரே சுத்தியல் தட்டுவதால் எழும் கூட்டொலியாகும். 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 230 தந்திகள் கொண்ட இக்கருவியில், ஒரு கட்டைக்குரிய மூன்றும் ஒரே மீடிறனில் நின்றால்தான் ஓசை தெளிவாக ஒலிக்கும். ஒன்று செக்கனுக்கு 440 தடவையும் மற்றொன்று 441 தடவையும் அதிர்ந்தால், ஓசை செக்கனுக்கு ஒருமுறை எழுந்து தணியும். இதுவே அடிப்பு எனப்படுகிறது. மூன்று தந்திகளும் ஒருசேர ஒலிக்கையில் எது பிசகியது என்று தேர்ந்த காதும் பிரித்தறிவது கடினம் என்பதால், சுருதி கூட்டுவோர் சில தந்திகளைத் தற்காலிகமாக வாயடைத்து, ஒன்றை மட்டும் பேசவிடுகின்றனர். எந்தத் தந்தியை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் அடக்கி வைப்பது என்பது வெறும் வசதி பற்றிய தெரிவன்று. அது கருவியின் இறுதிச் சுருதியையே பாதிக்கிறது என்பதும், இலங்கையின் பதுளையையும் அதைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் போன்று ஈரமும் வறட்சியும் மாறிமாறி வரும் இடங்களில் அப்பாதிப்பு மிகுதி என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

புளோரன்ஸ் நகரில் 1700ஆம் ஆண்டளவில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய பியானோவில் ஒரு சுரத்துக்கு இரண்டு தந்திகளே இருந்தன. எஞ்சியுள்ள அவரது கருவிகளுள் 1722, 1726ஆம் ஆண்டுகளுக்குரியவற்றில், இரு தந்திகளுள் ஒன்றை மட்டும் சுத்தியல் தட்டுமாறு நகர்த்தும் அமைப்பு காணப்படுகிறது. இது இசைச்சுவைக்கு உதவியது போலவே சுருதி கூட்டுவதற்கும் உதவியிருக்கக்கூடியது. ஆயினும் கட்டையை அழுத்தியதும் இரு தந்திகளின் மேலிருந்தும் தணிப்பான் எழுந்துவிடுவதால், தட்டப்படாத தந்தியும் அயல்தந்தியின் அதிர்வை ஏற்று மெல்ல ஒலிக்கவே செய்யும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுரத்துக்கு மூன்று தந்திகள் என்னும் வழக்கம் பெரும் பியானோக்களில் பரவியபோது, நகர்த்தும் அமைப்பு ஓரத்துத் தந்தியைத் தனியே தட்ட இடம் கொடுத்ததேயன்றி நடுத்தந்திக்கு எவ்வகையிலும் உதவவில்லை. தந்திகளுக்கிடையே ஒரு பொருளைச் செருகி நிறுத்துவது அப்போதிலிருந்து தவிர்க்க முடியாததாயிற்று.

அப்பொருளின் வரலாறு கைத்தொழில் வரலாற்றோடு பிணைந்தது. பாரிசில் ஆன்றி பாப் என்பவர் 1826இல் சுத்தியல்களுக்கு ஃபெல்ட் எனப்படும் அழுத்திய கம்பளியைப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றதை அடுத்து, பியானோத் தொழிலகங்களில் அப்பொருள் தாராளமாகப் புழங்கலாயிற்று. தந்தியைச் சிராய்க்காமல் அதிர்வை மட்டும் உறிஞ்சும் அதன் இயல்பு ஒலியடக்கலுக்கு மிகப் பொருந்தியது. பார்வையற்றவரான குளோட் மொந்தால் 1836இல் வெளியிட்ட நூல், சுருதி கூட்டும் கலையைத் தொழிலகத்துக்கு வெளியேயும் கற்கத்தக்க ஒழுங்கான முறையாக நிறுவியது. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்த கந்தகமேற்றும் முறை, வெயிலில் பிசுபிசுக்காமலும் குளிரில் விறைக்காமலும் நிற்கும் இறப்பரைத் தந்தது. சுருதி கூட்டுவோரின் பையில் உள்ள இறப்பர் ஆப்பு அந்த வேதியியலின் பிள்ளை. 1876இல் பிரேசிலிலிருந்து கியூ தாவரவியல் பூங்கா வழியாக இலங்கைக்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் ஊவாவின் மொனராகலைப் பகுதியிலும் இன்று பால் தருகின்றன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இன்று வழக்கிலுள்ள முறைகளுள் இரண்டு முதன்மையானவை. முதலாவதான பட்டை முறையில், நீண்ட ஃபெல்ட் பட்டை ஒன்று ஒவ்வொரு மூன்று தந்தித் தொகுதிக்கும் இடையிலுள்ள இடைவெளியில் மடிப்பு மடிப்பாகத் திருப்புளி நுனியால் அழுத்தப்படுகிறது. ஒவ்வொரு மடிப்பும் இருபுறத் தொகுதிகளின் ஓரத் தந்திகளை அடக்குவதால் நடுத்தந்திகள் மட்டுமே ஒலிக்கும். அவற்றைக் கொண்டு ஆதார ஸ்தாயியை அமைத்து முடித்தபின், பட்டையை மடிப்பு மடிப்பாக உருவி, ஓரத் தந்திகள் நடுத்தந்தியோடு ஒன்றாக்கப்படுகின்றன. இரண்டாவதான ஓராப்பு முறையில், ஓரிரு ஆப்புகள் மட்டுமே சுரத்துக்குச் சுரம் நகர்கின்றன. ஒரு சுரத்தின் மூன்று தந்திகளும் ஒன்றான பின்னரே அடுத்த சுரம் தொடப்படுகிறது. நிமிர்ந்து நிற்கும் பியானோவில் சுத்தியல்களும் தணிப்பான்களும் தந்திகளை முன்புறம் மறைப்பதால், பாப்ஸ் ஆப்பு எனப்படும் இடுக்கி போன்ற கருவி பயன்படுகிறது. அதன் இரு கால்களையும் விரலால் நெருக்கிச் சுத்தியல் காம்புகளுக்கிடையே நுழைத்து விட்டுவிட்டால், கால்கள் விரிந்து தந்திகளைத் தாமே பற்றிக்கொள்ளும்.

இவ்விரு முறைகளும் ஒரே விளைவைத் தருவன என்னும் எண்ணம் பிழையானது. ஒரே பாலத்தின்மீது கிடக்கும் தந்திகள் ஒன்றன் அதிர்வை மற்றது மாற்றுகின்றன என்பதைக் கேப்ரியல் வைன்ரைக் 1977இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. தனியே கேட்ட நடுத்தந்தியும், தோழிகள் இரண்டோடு சேர்ந்த அதே தந்தியும் முற்றிலும் ஒரே குரலில் பேசுவதில்லை. இதனினும் பெரியது இழுவையின் பங்கு. தற்காலப் பியானோவின் தந்திகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 18 முதல் 20 தொன் வரை இழுக்கின்றன. ஓரத் தந்திகளை இறுக்கும்போது ஒலிப்பலகை மேலும் அழுத்தப்பட்டு, முன்பே திருத்திய நடுத்தந்திகள் சற்றுத் தளர்கின்றன.

ஊவாவில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. இருப்புப்பாதை நானுஓயாவை 1885இலும், அப்புத்தளையை 1893இலும், பண்டாரவளையை 1894இலும், பதுளையை 1924இலும் எட்டியது. அதற்கு முன் தோட்டத் துரைமாரின் பங்களாக்களுக்கு வேண்டிய கனத்த சாமான்கள் மாட்டு வண்டியிலும் தொழிலாளர் தோளிலுமே மலையேறின. வெப்ப நாடுகளுக்கென்று பிரித்தானியத் தயாரிப்பாளர் விற்ற பியானோக்களில், ஈரத்தில் பசை விட்டுப்போகும் இணைப்புகள் திருகாணிகளால் உறுதிப்படுத்தப்பட்டிருந்தன. ஆனால் ஒலிப்பலகை மரமே. மரம் ஈரத்தை உறிஞ்சுவதை எந்தத் திருகாணியும் தடுக்காது. ஐப்பசி தொடங்கித் தை வரை ஊவாவில் பெய்யும் மழையில் பலகை உப்பித் தந்திகளை மேலே தள்ள, சுருதி ஏறுகிறது. ஆடி, ஆவணியில் மலைச்சரிவில் இறங்கும் வறண்ட கச்சான் காற்றில் அது சுருங்க, சுருதி இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த மணமும் அதே காற்றின் கொடையே.

இதே மலையில் தப்பு என்னும் தோற்பறையை அடிப்போர் எதிர்மாறான அனுபவம் உடையவர்கள். காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் தப்பை எடுக்கும்போது, பனியீரத்தில் தோல் நெகிழ்ந்து ஓசை மந்தமாகிவிடுவதால், வைக்கோல் தீயில் வாட்டித் தோலை முறுக்கேற்றுகின்றனர். ஈரம் தோலின் சுருதியைத் தாழ்த்துகிறது, பியானோவின் சுருதியை உயர்த்துகிறது. மலையகத்தில் சுருதி பற்றிய அறிவைத் துரை பங்களாவின் உடைமையாக மட்டும் கருதுவது தவறு. காற்றின் ஈரத்தை அறிந்து கருவியைத் திருத்தும் கைத்திறன் தொழிலாளர் வாழும் லயங்களிலும் வேரூன்றி நின்றது.

பருவத்தால் முழுச் சுருதியும் நகர்ந்துவிட்ட பியானோவில் பட்டை முறையைக் கையாண்டால், நடுத்தந்திகளை எல்லாம் செம்மைப்படுத்தி முடித்த பின்னர் ஓரத் தந்திகளின் இழுவை மாற்றம் அவற்றைக் குலைத்துவிடும். ஓராப்பு முறையிலோ ஒவ்வொரு சுரமும் தன் முழுச் சுமையையும் உடனே ஏற்பதால், அடுத்த சுரத்துக்கு எவ்வளவு ஈடுசெய்ய வேண்டும் என்பது உடனுக்குடன் காதுக்குத் தெரிகிறது. சுருதி பெரிதும் அசையாத, குளிரூட்டிய அரங்கின் பியானோவுக்குப் பட்டை முறை சாலப் பொருந்தும். பண்டாரவளையிலோ பதுளையிலோ தேவாலயத்திலும் பள்ளியிலும் உள்ள பியானோவுக்கு ஓராப்பு முறையே ஏற்றது. அதனையும் மழை ஓய்ந்து மரம் நிலைகொண்ட மாசியில் ஒருமுறையும், கச்சான் அடங்கிய புரட்டாசியில் ஒருமுறையும் செய்வதே தக்கது.