கூடு போனது சீனத்துக்கு, சாசேஜ் வந்தது கல்கத்தாவிலிருந்து

அந்தமானில் சீனர் தெரு கிடையாது. பினாங்கில் உண்டு, ரங்கூனில் உண்டு, கல்கத்தாவில் ஒன்றுக்கு இரண்டாக உண்டு. வங்கக் கடலின் இரு கரையிலும் கடை போட்டுக் குடும்பம் நடத்திய சீனர், நட்டநடுவில் கிடக்கும் இந்தத் தீவுகளில் மட்டும் காலூன்றவில்லை. அதற்காக வராமல் இருந்தார்களா என்றால், வந்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் வந்து, தங்கள் அடுப்புக்கு வேண்டியதை வாரிக்கொண்டு போனார்கள். சமையலை இங்கே விட்டுவிட்டுப் போகவில்லை. அது மிகப் பிந்தி, பர்மாவையும் கல்கத்தாவையும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே ஓடும் பயணிகள் கப்பலில் பண்டாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலில் சமையற்காரனுக்குப் பண்டாரி என்றுதான் பெயர். (போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு இன்னும் பழகவில்லை.) எங்கள் ஆட்களுக்கு ஓர் ஊரின் கதை சரக்கை வைத்துத்தான் புரியும். இங்கே என்ன கிடைக்கிறது, யார் வாங்கிப் போகிறார்கள், பதிலுக்கு என்ன வருகிறது? பழைய புத்தகங்களையும் அப்படித்தான் படிக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் முதல் கணக்கை எழுதியவரே ஒரு சீனர். 7ஆம் நூற்றாண்டில் நாளந்தாவுக்குப் போகக் கப்பலேறிய யிஜிங் என்ற பௌத்தத் துறவி, கடாரத்திலிருந்து வடக்கே வரும் வழியில் ஆடையில்லாத மனிதர்கள் வாழும் தீவொன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அது நிக்கோபார்தான் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. கப்பலைக் கண்டதும் தீவுக்காரர்கள் படகு படகாகத் தேங்காயும் வாழைப்பழமும் பிரம்பு, மூங்கில் சாமான்களும் கொண்டு வந்தார்களாம். பொன்னையோ வெள்ளியையோ அவர்கள் கேட்கவில்லை, இரும்பு கேட்டார்கள். இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து, பத்து தேங்காய். ராசேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மேல் படையெடுத்த கதையைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவதும் இதே நிக்கோபார்தான். சோழன் வந்ததற்கு முன்னூறு, முன்னூற்றைம்பது ஆண்டு முன்பே இங்கே தேங்காய்க்கு விலை படிந்துவிட்டது.

தேங்காய் எல்லாருக்கும் பொதுச் சரக்கு. சீனத்துக்கென்றே போனது வேறு: குருவிக்கூடு.

உழவாரக் குருவி இனத்தில் சிட்டுக்குருவியை விடச் சிறியது ஒன்று. இங்கே அதை ஹவாபில் என்பார்கள். சுண்ணாம்புக் குகைகளின் கும்மிருட்டில் தன் எச்சிலை நூல் நூலாக இழுத்துப் பாறையில் ஒட்டிக் கூடு கட்டும். புல் கிடையாது, களிமண் கிடையாது, முழுக்க எச்சில். காய்ந்தால் பாதிக் கிண்ணம் போல, பழைய தந்த நிறத்தில் இருக்கும். கையில் வைத்தால் கனமே தெரியாது. நூறு கூட்டுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ. சீனச் சமையற்காரர் அதை இரவெல்லாம் ஊற வைத்து, ஒட்டியிருக்கும் இறகுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கல்கண்டு போட்டு, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துப் பதமாக வேக வைப்பார்கள். அதற்கென்று சுவை ஒன்றும் கிடையாது. ருசிக்குக் கல்கண்டு, மற்றதெல்லாம் மருந்தென்ற நம்பிக்கையும் பணக்காரப் பெருமையும். எனக்குக் கொடுத்தால் கல்கண்டை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே முதல் குடியேற்றம் அமைத்தார். 1796இல் நோயும் சாவும் தாங்காமல் கலைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் இத்தீவுகளைப் பற்றி எழுதிய கோல்புரூக், பாறைப் பொந்துகளில் சீனர் விரும்பும் கூடுகள் கிடைப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். ஊர் நிலைக்கும் முன்பே சந்தை நிலைத்துவிட்டது. இந்த வியாபாரத்துக்கு ஓர் அசிங்கமான மறுபக்கமும் உண்டு. கூடும் கடல் அட்டையும் தேடி வந்த மலாய், சீன, பர்மியப் படகுக்காரர்கள் அந்தமான் பழங்குடிகளைப் பிடித்துக்கொண்டு போய் அடிமைகளாக விற்றார்கள். அந்தப் பழங்குடிகள் வெளியாட்களைக் கண்டால் அம்பு விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று, அவர்களைப் பற்றி 1899இல் பெரிய புத்தகம் வெளியிட்ட ஆங்கிலேய அதிகாரி போர்ட்மன் சொல்கிறார். போர்ட்மனும் யோக்கியரல்ல என்பது வேறு கதை. ஆனால் இதில் அவரை நம்பலாம் என்றே நினைக்கிறேன்.

கடல் அட்டையை ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவித்து, மணலில் புதைத்து, தோலைச் சுரண்டி, மறுபடி அவித்துக் காய வைக்கும் வேலை அங்கே தலைமுறைத் தொழிலாக இருந்தது. தின்றவன் சீனத்தில், பிடித்தவன் நம் கரையில். 2001இல் மத்திய அரசு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்த பிறகு, பிடித்தால் சிறை.

கூட்டின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான் முடிந்திருக்கும். முட்டையிடுவதற்கு முன்பே கூட்டைப் பிய்த்தால் குருவி மறுபடி கட்டும். மறுபடி பிய்த்தால் மறுபடி கட்டும். குஞ்சு பொரிக்க நேரமே கிடைக்காது. கோயம்புத்தூர் ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் 1995 முதல் 1997 வரை குகை குகையாக ஏறி இறங்கி எண்ணினார். பத்தாண்டுக்குள் சுமார் 80 விழுக்காடு குருவி போய்விட்டது என்பது அவர் கணிப்பு. அதோடு நிற்காமல் வனத்துறையோடு சேர்ந்து வட அந்தமானில் சாலிஸ் ஏக் குகைகளுக்குக் காவல் போட்டார். காவலுக்கு வைத்தது யாரை? கூடு பிய்த்துப் பிழைத்தவர்களையே. குகையின் இருட்டும் சறுக்கலும் அவர்களுக்குத்தானே தெரியும்! குருவிகள் பெருகின. 2009 ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் ஆயுசு இருந்திருக்கலாம்.

சரி, இவ்வளவு சரக்கு போனதே, பதிலுக்கு என்ன வந்தது? 1858 முதல் கைதிகளைக் கொண்டு வந்து இறக்கியபோது தமிழன் வந்தான், பஞ்சாபி வந்தான், வங்காளி வந்தான், பர்மியன் வந்தான். சீனக் கைதிகளை வெள்ளைக்காரன் எங்கே அனுப்பினான் தெரியுமா? பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் தண்டிக்கப்பட்ட சீனர் சிலரை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினான். அவர்களை நீலகிரியில், நடுவட்டத்துச் சின்கோனா தோட்டத்தில் வேலைக்கு விட்டார்கள். விடுதலையானவர்களில் சிலர் அங்கேயே தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு காய்கறி போட்டு, காப்பி வளர்த்து, மாடு மேய்த்தார்கள். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் தொகுப்பில் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழனைச் சிங்கப்பூருக்கும் அந்தமானுக்கும், சீனனை ஊட்டி மலைக்கும் என்று மாற்றிப் போட்டிருக்கிறான். சீனரும் தமிழரும் ஒரே உலையில் சோறு பொங்கியது நீலகிரியில். அந்த அடுப்பில் என்ன கொதித்தது என்று தர்ஸ்டன் எழுதியிருந்தால் எனக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். மூக்கை அளந்து எழுதினாரே தவிர, சட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

தீவுக்கே திரும்புவோம். சாசேஜுக்கு வேண்டிய பன்றி இறைச்சி இங்கே புதிதல்ல. நிக்கோபாரிகள் தேங்காய்ப் பருப்பைத் தின்னக் கொடுத்துப் பன்றி வளர்ப்பார்கள். விழா என்றால் பன்றி, சாவு என்றால் பன்றி. 2004 சுனாமியில் மனிதர்களோடு அந்தப் பன்றிகளும் தென்னைகளும் போனபோது அவர்களுக்குப் பாதி உலகமே போயிற்று. ஆனால் அவர்கள் சமையல் புதுக்கறிச் சமையல், வைத்துத் தின்னும் பழக்கம் அதிகமில்லை. புளிக்க வைத்தும் புகை போட்டும் சேமிக்கும் கை, கரேன்களோடு வந்தது. 1925இல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து கரேன் கிறிஸ்தவக் குடும்பங்களைக் கொண்டு வந்து மாயாபந்தர் பக்கம் குடியமர்த்தினார்கள். அவர்கள் முதலில் கட்டிய ஊர் வெபி. நெல் வயல், தேவாலயம், கால் வைத்து உயர்த்திய வீடு, அடுப்புக்கு மேலே பரண். அந்தப் பரணில் மீனோ கறியோ புகையில் கிடக்கும். ஙாப்பி என்ற புளித்த இறால் களி இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. அதன் வாசனைக்குப் பயந்து முதலில் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தவன், பிற்பாடு கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பித்தேன்.

அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. சீன சாசேஜை இந்தத் தீவில் யாராலும் செய்ய முடியாது. மெல்லிய கறியும் முதுகுக் கொழுப்பும் பொடிப் பொடியாக நறுக்கி, உப்பு, சர்க்கரை, சோயா, கொஞ்சம் மதுவும் சேர்த்துக் குடலில் அடைத்துத் தொங்கவிடுவார்கள். புகை கூடக் கட்டாயமில்லை. அதைக் காய வைப்பது குளிர்காலத்து வறண்ட காற்று. கான்டனில் மார்கழி, தை பக்கம் அந்தக் காற்று உண்டு. இங்கே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை, மிச்ச நாளெல்லாம் உப்பு ஈரம். தொங்கவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சைதான். அதனால்தான் இங்கே அடுப்புப் பரண், அங்கே மொட்டை மாடிக் கொடி.

கல்கத்தாவுக்கு அந்தக் குளிர்காலம் கொஞ்சம் வாய்த்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோங் அச்சியூ என்ற சீனர் பஜ் பஜ் அருகே வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கிச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த ஊருக்கே அச்சிப்பூர் என்று பெயர். பின்னால் வந்தவர்களில் கான்டன்காரர்கள் தச்சு வேலைக்கும், ஹக்கா மக்கள் டாங்ராவில் தோல் பதனிடவும் போனார்கள். சீனாவோடு நடந்த 1962 சண்டையின் போது இந்தியச் சீனர் சுமார் மூவாயிரம் பேரை ராஜஸ்தானில் தியோலி முகாமில் அடைத்தது நம் அரசு. வெளியே வந்தவர்களில் பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். கல்கத்தாச் சீனரின் சந்தையான டிரெட்டா பஜார் அதன் பிறகு இளைத்துப் போயிற்று.

இளைத்த அந்தச் சந்தைதான் எனக்குப் பள்ளிக்கூடம். கப்பல் கிதர்பூரில் கட்டினால் விடிவதற்குள் அந்தச் சந்தை கூடும் போத்தார் கோர்ட் பக்கம் போய்விடுவேன். நடைபாதையில் மூங்கில் தட்டுகளில் பன்னும் மோமோவும் ஆவி பறக்கும். பக்கத்துக் கடையில் சாசேஜ் ஜோடி ஜோடியாகச் சணல் கயிற்றில் தொங்கும். விற்ற ஐயா சுத்தமான வங்காள இந்தியில் பேசுவார். ஒருநாள், “பாயி, என்ன செய்து சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டார். “முட்டைகோஸ் பொரியலில் போடுவேன்” என்றேன். முகத்தைச் சுளித்தார். அடுத்த முறை ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தின்றுவிட்டு, மிளகு அதிகம் என்றார், அவ்வளவுதான்.

செய்முறை இதுதான். சாசேஜை வெந்நீரில் ஒரு கழுவு கழுவி, சாய்த்து மெல்லிசாக நறுக்குங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம். வெறும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் போட்டால் கொழுப்பு உருகி ஓரம் சுருளும். வில்லைகளை எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பொடியாக அரிந்த கோஸ். கோஸ் நறுக்கென்று இருக்கும்போதே வில்லைகளைத் திரும்பப் போட்டு, தட்டிய மிளகும் ஒரு கை தேங்காய்த் துருவலும் போட்டு இறக்கிவிடலாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. இன்னொரு வழி இதை விடச் சுலபம். சோறு தண்ணீர் வற்றிப் புழுங்கும் நேரத்தில் முழு சாசேஜை மேலே வைத்து மூடிவிட்டால், சோறெல்லாம் அந்தக் கொழுப்பை வாங்கிக்கொள்ளும். கூடத் தொட்டுக்கொள்ள ஙாப்பியில் இடித்த மிளகாய் இருந்தால் இன்னும் நல்லது.

புளியை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். குழம்பில் போட்டுப் பார்த்தேன், பானகத்தில் கறி விழுந்தது போல இருந்தது. கல்கத்தா போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்கள், காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள். அதற்குப் பிறகு டிரெட்டா பஜாரில் காலித் தட்டுதான் இருக்கும்.