தோல் பை பாடிய கதை

ஆம்பூர் என்றதும் பிரியாணியும் ஷூவும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று அந்த வட்டாரமே தோலை நம்பி வாழ்கிறது. ஆட்டுத்தோலில் செருப்பு செய்யலாம், கைப்பை செய்யலாம். சங்கீதம் செய்ய முடியுமா? முடியும்! தமிழ்நாட்டில் அது இரண்டு விதமாக நடந்திருக்கிறது. ஒன்று நம் ஊர்த் துத்தி. இன்னொன்று ஸ்காட்லாந்திலிருந்து வந்த பேக்பைப்.

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைக் கவனித்திருப்பீர்கள். ஒரே சுருதியை விடாமல் ஊத வேண்டும். அதனால் கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுப்பார். இந்தக் கன்னத்தின் வேலையை ஒரு தோல் பையிடம் கொடுத்துவிட்டால் அதுதான் பேக்பைப். வாயால் ஊதிப் பையை நிரப்பி, கைக்கு அடியில் வைத்து அழுத்தினால், ஊதுபவர் மூச்சு வாங்கும்போதும் சத்தம் நிற்காது. ஸ்காட்லாந்துக் கருவியில் பாட்டு வாசிக்க ஒரு குழல், ஒத்து ஊத மூன்று குழல்கள். பாட்டுக் குழலில் மொத்தம் ஒன்பது சுரங்கள்தான். நாதஸ்வரமும் ஒத்தும் ஒரே ஆளிடம் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் துத்தியில் பாட்டுக் குழல் கிடையாது. சுருதி மட்டும்தான். சின்ன மேளம் எனப்பட்ட சதிர்க் குழுவில் முகவீணை, மிருதங்கம், தாளம் ஆகியவற்றோடு துத்திக்காரரும் ஆடுபவருக்குப் பின்னால் நின்று வாசிப்பார். சார்லஸ் ரஸ்ஸல் டே என்ற ஆங்கில ராணுவ அதிகாரி 1891-ல் வெளியிட்ட தென்னிந்திய இசைக்கருவிகள் பற்றிய புத்தகத்தில் இந்தக் கருவியும் இடம்பெற்றிருக்கிறது.

இப்போது பேக்பைப் இங்கே வந்த கதை. 1780-ல் மெக்லியோட் பிரபு திரட்டிய 73-ஆம் ஹைலாண்டர் படை சென்னையில் இறங்கியது. அதே ஆண்டு ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தார். செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போரில் ஆங்கிலேயப் படை நொறுங்கியது. அதில் இந்த ஹைலாண்டர்களின் இரண்டு கம்பெனிகளும் இருந்தன.

அடுத்த ஆண்டு 1781 ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் மீண்டும் போர். ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டுக்கு அதுவரை பேக்பைப் மீது மரியாதையே இல்லையாம். ஆனால் குண்டுகள் பறக்கும் இடத்தில் ஒரு பைப்பர் நிறுத்தாமல் வாசித்ததைப் பார்த்தவர், வெள்ளியில் பேக்பைப் வாங்கித் தருவதாக அங்கேயே வாக்களித்து, பிறகு 50 பவுன் கொடுத்தார் என்று அந்தப் படையின் வரலாறு சொல்கிறது.

அதோடு முடியவில்லை. முற்றுகையில் சிக்கிய வேலூர்க் கோட்டைக்குள் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் நகர்ந்த கூட்டின் படை, செப்டம்பர் 27-ஆம் தேதி சோளிங்கரில் ஹைதருடன் மோதியது. ஹைலாண்டர்களும் அங்கே போரிட்டார்கள். பிற்காலத்தில் அந்தப் படைப்பிரிவு தன் போர் விருதுகளில் சோளிங்கர் என்ற பெயரையும் சுமந்தது. இன்றைய தோல் பேட்டைகளுக்குப் பக்கத்திலேயே அந்தத் தோல் கருவி வந்துவிட்டது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீக்கிய, கூர்க்கா, கட்வால் படைப்பிரிவுகளும் பேக்பைப்பை எடுத்துக்கொண்டன. உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் அது முகாமைத் தாண்டி ஊருக்குள்ளும் போனது. மசக்பீன் என்ற பெயரில் கல்யாண ஊர்வலங்களில் ஒலிக்கிறது. வெள்ளைக்காரன் போருக்குக் கொண்டு வந்த கருவி அங்கே மாப்பிள்ளை அழைப்புக் கருவியாகிவிட்டது.

துத்திக்கு அந்த யோகம் இல்லை. முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்தது. துத்தியின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்தது. தேவதாசி முறைக்கு எதிரான குரல்கள் வலுத்து, 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சதிர் பரதநாட்டியமாகிச் சபா மேடை ஏறியபோது, பின்னால் நின்று வாசித்த துத்திக்காரருக்கு அங்கே இடம் இல்லை.

இரண்டும் தோல் பைதான். இரண்டையும் ஊத மூச்சுப் பலம் வேண்டும். பிறகு ஏன் ஒன்று வாழ்ந்தது, ஒன்று மறைந்தது? பேக்பைப்புக்குப் பின்னால் ராணுவம் இருந்தது. சம்பளம், சீருடை, பயிற்சி, அணிவகுப்பு எல்லாம் இருந்தன. துத்திக்கு இருந்தது ஒரு சின்னக் குழு மட்டுமே. அந்தக் குழு கலைந்ததும் கருவிக்கும் வேலை போய்விட்டது. ஒரு கருவி பிழைப்பதற்கு அதன் இனிமை மட்டும் போதாது, அதை வாசிப்பவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதையே இந்த வரலாறு காட்டுகிறது.

ஆம்பூரில் தோலுக்கும் பஞ்சமில்லை, தைக்கத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. துத்திப் பை ஒன்றைத் தைப்பது அங்கே பெரிய காரியமே அல்ல. அதை ஊதுவதற்கு ஒருவர் வேண்டும், ஊதுபவருக்குக் கூலி கொடுக்க ஒரு மேடை வேண்டும்.