உடைந்த மரக்கலம் யாருக்கு உரியது?

துறைமுகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கலங்கரை விளக்கமே. பெரும்பாணாற்றுப்படை, ஏணி சார்த்தி ஏறவேண்டிய வானளாவிய மாடமொன்றில் இரவில் ஏற்றிய விளக்கை நமக்குக் காட்டுகிறது. துறை அறியாது தடுமாறும் கலங்களை அழைப்பது அதன் பணி. சிலப்பதிகாரத்துப் புகாரிலும் அத்தகைய விளக்கு உண்டு. விளக்கு மட்டும் போதாத துறைகளும் இருந்தன. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பெயரறியாத மாலுமி ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய பெரிப்புளூஸ் என்னும் நூல், நருமதையாற்று முகத்திலிருந்த பாருகச்சத் துறையை வருணிக்கிறது. மணற்றிட்டுகளும் பொல்லாத நீரோட்டமும் நிறைந்த இடம் அது. அரச பணியிலிருந்த மீனவர் பெரிய வள்ளங்களிற் சௌராட்டிரக் கரைவரை வந்து காத்திருப்பர். வரும் கப்பல்களை வற்றுப்பெருக்கு நேரம் பார்த்து இழுத்துச் சென்று துறை சேர்ப்பர்.

ஆனால், விளக்கும் வழிகாட்டியும் இருந்தும் கலம் உடைந்துவிட்டால்? கரையொதுங்கும் பொருள் யாருடையது? உயிர் தப்பி வருபவன் எவ்வாறு நடத்தப்படுவான்? ஒரு துறையின் தராதரத்தை அறிய இக்கேள்விகளையே நாம் முதலிற் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம்.

மணிமேகலையை வகுப்பிற் படிப்பிக்கும்போது ஆதிரையின் கற்பைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். அவள் கணவன் சாதுவனை ஏனோ விரைவாகக் கடந்து போய்விடுகிறோம். கைப்பொருளெல்லாம் இழந்து வணிகருடன் கப்பலேறிய அவன், கலம் உடையவே ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். நாகர் அவனை உணவாகக் கருதுகின்றனர். அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால் உயிர் தப்புகிறான். அவர்களின் தலைவன் தங்களுக்கு ஏற்ற அறம் எது என வினவுகையிற் சாதுவன் வீடுபேற்றைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. கலம் உடைந்து இங்கு வருவோரைக் கொல்லாதீர்கள், அவர் உயிரைக் காத்து விடுங்கள் என்கிறான். மூத்து இறந்த விலங்கின் ஊனைத் தவிர வேறு ஊனை விடுங்கள் என்றும் சொல்கிறான். தலைவன் அதை ஏற்று, முன்னர் அங்கு ஒதுங்கித் தங்களுக்கு இரையானோரின் அகிலையும் சந்தனத்தையும் துணிப்பொதிகளையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறான். காப்பியப் புலவர் ஒரு கரையின் சட்டத்தையே மாற்றிக் காட்டுகிறார் எனலாம்.

அந்த நாகர் மலை எது என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. அதே காப்பியத்தின் மணிபல்லவத்தைத்தான் பலர் நம் நயினாதீவுடன் இணைப்பர். பொருத்தம் என்னவென்றால், கலமுடைந்தோர் பற்றிய அரச ஆணை ஒன்றும் அதே நயினாதீவிற் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது.

நாகபூசணி அம்மன் ஆலயத்திலுள்ள அத்தமிழ்க் கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963இற் பதிப்பித்தார். பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. தொடக்கப் பகுதி சிதைந்துவிட்டது. எஞ்சிய பகுதி ஊராத்துறையைப் பற்றியது. இன்றைய ஊர்காவற்றுறையே அது. பரதேசிகள் அங்கு வந்து தங்கவேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்; பல துறைகளிலிருந்தும் வணிகர் நம் துறையிற் கூடவேண்டும் என்கிறான் மன்னன். பின்னர் கணக்கு வருகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால், காற்பங்கு பண்டாரத்துக்கு; முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய மரக்கலம் கெட்டால், செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு.

சிங்கள மன்னன் ஒருவன் வடபகுதித் துறைக்கான தன் ஆணையைத் தமிழிற் பொறித்தான் என்பது நம் வரலாற்றைப் படிப்போர் அடிக்கடி நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி. துறையில் வந்து கூடியோருக்கு விளங்கும் மொழி அது.

இரு வேறு விகிதம் எதற்கு? யானை, குதிரை மீது தனக்குள்ள விருப்பமே காரணம் என மன்னனே ஒளிவுமறைவின்றிக் கூறுகிறான். குதிரை இலங்கைக்குக் கடல் வழியேதான் வரவேண்டும். யானையோ இங்கேயே பிறப்பது. அதை இறக்குமதி செய்வானேன் என்று நேயர்கள் கேட்கலாம். பர்மாவிலிருந்து யானைகள் வந்தன என்பதற்குச் சூளவம்சம் சான்று. அந்நாட்டரசன் யானை விற்பனையைத் தடுத்ததைப் பராக்கிரமபாகுவின் பர்மியப் படையெடுப்புக்குரிய காரணங்களுள் ஒன்றாக அந்நூல் கூறுகிறது. படைக்கு வேண்டிய விலங்கு. ஆகவே அதைக் கொண்டுவருபவனுக்குக் கூடுதற் சலுகை. ஊராத்துறையும் வெறும் வணிகத் துறையாக இருக்கவில்லை. அங்கும் மாதோட்டம் முதலிய இடங்களிலும் பராக்கிரமபாகு படை திரட்டிக் கப்பல் கட்டியதையும், அவ்விடங்கள் தாக்கி அழிக்கப்பட்டதையும் இரண்டாம் இராஜாதிராஜ சோழனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. போரின் விளிம்பில் நின்ற துறைக்கு வணிகரை அழைப்பது எளிதன்று. பாதுகாப்பு என்ற சொல்லைக் கல்லில் வெட்டவேண்டிய தேவை அதனால் எழுந்திருக்கலாம்.

பாதியைப் பறித்துக்கொள்வது பாதுகாப்பா என்றும் கேட்கலாம்தான். அக்காலக் கரைகளின் வழக்கத்தோடு ஒப்பிட்டே இதற்கு விடை காணவேண்டும். ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளித் துறையிற் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் ஓர் அபய சாசனம் வெளியிட்டான். புயலில் அகப்பட்டுக் கரைதட்டிய கலங்களின் பொருள் முழுவதையும் முன்னைய அரசர் பலவந்தமாகக் கவர்ந்தனர் என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. உயிரினும் பொருள் பெரிதெனக் கடலேறுவோர்க்கு இரங்கி, விதித்த சுங்கம் தவிர யாவற்றையும் விட்டுவிடுவதாக அம்மன்னன் உறுதியளித்தான். சுங்கமோ முப்பதில் ஒன்று. இங்கிலாந்தில் 1275ஆம் ஆண்டு வெஸ்ற்மின்ஸ்ரர்ச் சட்டம், கப்பலிலிருந்து ஒரு மனிதனோ, நாயோ, பூனையோ உயிருடன் தப்பினால் அது உடைகலமாகக் கொள்ளப்படாது, பொருள் உடையவனுக்கே உரியது என்றது. ஒரு பூனையின் உயிரில் ஒரு வணிகனின் செல்வம் தொங்கிய காலம் அது! இவற்றோடு வைத்துப் பார்த்தால், இவ்விரண்டுக்கும் முந்திய நயினாதீவுக் கல்வெட்டின் பாதிக்குப் பாதி ஒரு முன்னேற்றமே. ஆனால் தாராளம் என்று நான் சொல்லமாட்டேன். மேலும், எஞ்சியுள்ள அதன் வரிகளிற் பண்டாரமும் உடையவனும் தவிர மூன்றாமவன் இல்லை. பாய் பிடித்தவனுக்கும் துடுப்பு வலித்தவனுக்கும் அங்கே இடமில்லை. அவ்வகையிற் சாதுவன் கேட்டது பெரிது.

கோழிக்கோடு இன்னொரு படி மேலே சென்றது. 1342 அளவில் அங்கு வீசிய புயலில் மரக்கலங்கள் சிதறியபோது மன்னன் சாமூதிரியே கடற்கரையில் நின்றதையும், ஒதுங்கிய பொருளைக் கொள்ளையிட முயன்றோரை அவனது காவலர் அடித்து விரட்டியதையும் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா நேரிற் கண்டு எழுதினார். மலையாளக் கரையின் பிற இடங்களில் உடைகலத்தின் பொருள் கருவூலத்துக்குப் போகும். இங்கு மட்டும் உடையவனிடமே இருக்கும். வணிகர் திரண்டு வந்து நகர் செழித்தது அதனாலேயே என்கிறார் அவர்.

இதே பயணி 1344இல் நம் நாட்டுக்கும் வந்தார். காற்று அவரது கப்பலைப் புத்தளப் பக்கம் தள்ளியது. ஆனால் மாலுமி துறைக்குட் செல்ல அஞ்சினான். இது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை, வணிகர் இங்கு நம்பி நுழைவதில்லை என்றான். புயல் வலுத்ததால் வேறு வழியின்றி நுழைந்தனர். மன்னனோ வந்தவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி, பாவாதமலைக்குப் போகப் பல்லக்கும் துணையாட்களும் தந்தான். அவர் திரும்பும்வரை மாலுமி தன் விருந்தாளியாக இருப்பான் என்றும் சொன்னான்.

ஆனால் அவர் மலையேறித் திரும்பி, மறுகரைக்குப் புறப்பட்டபோதுதான் ஆபத்து வந்தது. ஆழமற்ற கடல், அனுபவமுள்ள மாலுமியும் கப்பலில் இல்லை. கப்பல் பாறைகளுக்கு அருகே சென்று பின்னர் ஆழமற்ற நீரிற் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தனர், கப்பலாட்கள் மிதவைகள் கட்டத் தொடங்கினர், அதற்குள் இருட்டிவிட்டது. இப்னு பதூதா கப்பலின் பின்னணியத்தில் இரவைக் கழித்தார். விடிந்ததும் அக்கரைவாசிகள் சிலர் தம் படகிலே வந்து அவர்களை ஏற்றிக் கரை சேர்த்தனர்.