30 வயதுக்குள் பிபி ஏறுகிறதா? 'டென்ஷன்' என்று விட்டுவிடாதீர்கள்: எஃப்எம்டி நோயை அறிவது எப்படி?

டெல்லியில் புது வேலையில் சேர மெடிக்கல் செக்கப் போகிறீர்கள். வயது 27. பிபி 160/100. "டென்ஷனா இருக்கும், நல்லா தூங்கு" என்கிறார் ரூம்மேட். இருக்கலாம். ஆனால் இந்த வயதில், வேறு நாளில் அளந்தாலும் பிபி இப்படியே இருந்தால், 'ஏன்?' என்று கேட்டே ஆக வேண்டும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எஃப்எம்டி என்றால் என்ன?

ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்பதன் சுருக்கம். தமனிச் சுவரில் உள்ள செல்கள் தாறுமாறாக வளர்வதால் குழாய் சில இடங்களில் சுருங்கும், சில இடங்களில் உப்பும். ஸ்கேனில் மணி கோத்த மாலை போலத் தெரியும். இது கொழுப்பு அடைப்பும் இல்லை, அழற்சியும் இல்லை. சிறுநீரகத் தமனியும் கழுத்துத் தமனியும்தான் அதிகம் பாதிக்கப்படும்.

ரத்தம் குறைவாக வந்தால், உடம்பிலேயே ரத்தம் குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் நினைத்துக்கொள்ளும். ரெனின் என்ற பொருளைச் சுரந்து பிபியை ஏற்றிவிடும்.

1938-இல் லெட்பெட்டர், பர்க்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சிறுவனிடம் இதை முதலில் விவரித்தார்கள். ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். 2012-இல் வெளியான அமெரிக்கப் பதிவேட்டில் 447 பேரில் 91 சதவீதம் பெண்கள்.

இந்தியாவில் என்ன சிக்கல்?

நம் நாட்டில் இளம் வயதினரின் சிறுநீரகத் தமனி சுருங்குவதற்கு எஃப்எம்டியைவிட தகயாசு ஆர்ட்டிரைட்டிஸ்தான் முக்கியக் காரணம். அதுவும் இளம் பெண்களையே அதிகம் தாக்கும். ஆனால் அது அழற்சி நோய். டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனை மருத்துவர்கள், தகயாசுவால் சுருங்கிய குழாய்களை பலூன் வைத்து விரித்த அனுபவத்தை 1990-களிலேயே வெளியிட்டிருக்கிறார்கள்.

இரண்டையும் குழப்பினால் சிகிச்சையே மாறிவிடும். தகயாசுவுக்கு ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் முதலில் அழற்சியை அடக்க வேண்டும். எஃப்எம்டிக்கு ஸ்டீராய்டு தேவையே இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

முதலில் இரண்டு கையிலும் பிபி, நாடித்துடிப்பு. கைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம், காய்ச்சல், எடை குறைவு, இஎஸ்ஆர், சிஆர்பி அதிகம் என்றால் சந்தேகம் தகயாசு பக்கம் போகும். எஃப்எம்டியில் இஎஸ்ஆர், சிஆர்பி பொதுவாக நார்மல். ஆனால் தகயாசுவிலும் சில சமயம் நார்மலாக வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது.

அடுத்து டாப்ளர், சிடி ஆஞ்சியோகிராம். தேவைப்பட்டால் குழாய்க்குள் கதீட்டர் விட்டுப் பார்ப்பார்கள். எஃப்எம்டி உறுதியானால், தலை முதல் இடுப்பு வரை ஒருமுறையாவது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறது 2019-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். வேறு இடத்தில் குழாய் உப்பியோ கிழிந்தோ இருக்கலாம்.

சிகிச்சை என்ன?

நோயை முழுசாக நீக்கும் மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்கலாம். பிபி மாத்திரை, பலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின். தேவைப்பட்டால் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டி. ஸ்டென்ட் பொதுவாக வேண்டாம். பிபி வந்து அதிக நாள் ஆகாத இளம் வயதினரில் பலருக்கு இதிலேயே பிபி இறங்கிவிடும்.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் முன்பே சொல்லுங்கள். சில பிபி மாத்திரைகளை மாற்ற வேண்டும். சிகரெட்டை விடுங்கள். சலூனில் கழுத்தை 'சடக்' என்று திருப்பி நெட்டி முறிக்க விடாதீர்கள். கழுத்துத் தமனி கிழியலாம்.

திடீர்க் கழுத்துவலி, கடும் தலைவலி, வாய் கோணுதல், நெஞ்சுவலி என்றால் காத்திருக்காமல் 112-ஐ அழையுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

30 வயதுக்குள் பிபி வந்தாலோ, மூன்று மாத்திரை போட்டும் இறங்காவிட்டாலோ, இப்படிக் கேளுங்கள்: "என் சிறுநீரகத் தமனியைப் பார்க்க வேண்டுமா?" ரிப்போர்ட்டில் சுருக்கம் இருந்தால் அடுத்த கேள்வி: "இது எஃப்எம்டியா, தகயாசுவா?"