உத்தரவாதத்தில் விடுபட்ட ஒரு சொல்

‘உத்தரவாதம்’ என்னும் சொல்லுள் ‘உத்தரம்’ அடங்கியுள்ளது. உத்தரமாவது மறுமொழி. கேட்கும்போது மறுமொழி கூறக் கடமைப்பட்டவன் உத்தரவாதி. ஆங்கிலத்தில் வழங்கும் ‘வாரண்டி’, ‘கேரண்டி’ ஆகிய இரண்டும் ஒரே செர்மானிய வேரிலிருந்து பிரெஞ்சு மொழியின் இரு வழக்குகள் வழியே வந்து சேர்ந்த உடன்பிறப்புகள். அவ்வேரின் பொருள் காத்தல். பொருள் இத்துணைத் தெளிவாயிருந்தும், அச்சொல்லைத் தலைப்பிலே தாங்கிய தாளொன்றை நம்பி அமெரிக்கப் பிக்கப் வண்டிக்காரர்கள் நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பட்ட அலைச்சல் சிறிதன்று. அவர்களுடைய முறையீட்டின் நடுவே மீண்டும் மீண்டும் நிற்பது ஒரே உறுப்பு. அது டீசல் இயந்திரத்தின் எண்ணெய்ப் பம்பு.

பெட்ரோல் இயந்திரத்தில் மின்பொறி தீயை மூட்டுகிறது. டீசல் இயந்திரத்திலோ காற்றே நெருக்குண்டு கொதித்து, தன்மேல் பீச்சப்படும் எண்ணெயைப் பற்றவைக்கிறது. ஆதலின் எண்ணெயை வேண்டிய நொடியில், வேண்டிய அளவில், மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தும் பம்பையே அவ்வியந்திரத்தின் இதயம் என்று கூறலாம். செருமனியில் ராபர்ட் போஷ் என்பார் 1922-இல் இப்பம்பை ஆக்கும் முயற்சியில் இறங்கி, 1927-இல் அதனைப் பெருவாரியாகச் செய்து விற்கத் தொடங்கினார். அக்காலத்து வரிசைப் பம்புகளின் சுழலும் உறுப்புகளை இயந்திரத்தின் மசகெண்ணெயே நனைத்துக் காத்தது. பின்னர் வந்த சிறிய, மலிவான சுழற்பம்புகளில் அவ்வேற்பாடு நீங்கிற்று. எரிய வேண்டிய டீசலே எரிவதற்குமுன் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு மசகாகவும் உதவ வேண்டியதாயிற்று. பிற்காலத் தொல்லைகளின் ஊற்றுக்கண் இதுவே.

1973-இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடிக்குப்பின் அமெரிக்க மக்கள் சிக்கனத்தை நாடினர். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1978-ஆம் ஆண்டு வண்டிகளில் ஓல்ட்ஸ்மொபீல் கிளையின் 5.7 லீட்டர் டீசல் இயந்திரத்தைப் பொருத்தி விற்றது. ஷெவர்லே பிக்கப் வண்டிகளிலும் அது இடம்பெற்றது. எண்ணெயில் கலந்துவரும் நீரைப் பிரித்தெடுக்கும் கருவி அவ்வியந்திரத்தில் வைக்கப்படவில்லை. நீர் உட்புகுந்தது, பம்பு துருப்பிடித்தது. தலைப்பகுதியை இறுக்கிய போல்டுகளும் நெகிழ்ந்து வேறு கேடுகள் விளைந்தன. 1985-இல் அவ்வியந்திரம் கைவிடப்பட்டது. டீசல் என்றாலே முகஞ்சுளிக்கும் வழக்கம் அமெரிக்கரிடையே நெடுங்காலம் நிலைத்தமைக்கு இதற்குப் பெரும்பங்குண்டு.

இதற்குச் சற்று முன்னர்த்தான், 1975-இல், உத்தரவாதங்களை ஒழுங்குசெய்யும் கூட்டரசுச் சட்டம் பிறந்தது. மக்னூசன், மாஸ் என்னும் காங்கிரஸ் உறுப்பினர்களின் பெயரால் வழங்கும் அச்சட்டத்தில் ஒப்பமிட்ட தலைவர் ஜெரால்டு போர்டு. (மோட்டார் செய்யும் போர்டு குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை; பெயரொற்றுமையே.) உத்தரவாதம் கொடுத்தே தீரவேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிடவில்லை. கொடுப்பதாயின் எளிய மொழியில் எழுதவேண்டும். ‘முழு உத்தரவாதம்’ என்றோ ‘வரையறுத்த உத்தரவாதம்’ என்றோ அதன் தலையில் குறிக்கவேண்டும் என்றது. மோட்டார்க் கம்பெனிகள் எதனைத் தேர்ந்தன என்று சொல்ல வேண்டுவதில்லை. 1982-இல் கனெக்டிகட் மாநிலம், பலமுறை பழுதுபார்த்தும் சீர்ப்படாத புதிய வண்டிக்கு மாற்று வண்டியோ பணமோ தரவேண்டும் என விதித்தது. பழுதான வண்டியை ‘எலுமிச்சை’ என்று இகழ்வது அந்நாட்டுப் பேச்சுவழக்காதலின், அது எலுமிச்சைச் சட்டம் எனப் பெயர்பெற்றது.

1994 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் 6.5 லீட்டர் டீசல் வண்டிகளில் மின்னணுப் பம்பு வந்தது. அதனை இயக்கும் மின்கருவியைப் பம்பின்மேலேயே பொருத்தியதால், அது சூட்டில் வெந்து வண்டியை நடுவழியில் நிறுத்தியது. இங்கே கம்பெனி ஓரளவு இறங்கிவந்து, அப்பம்புக்குரிய காப்பை 11 ஆண்டு அல்லது 120,000 மைல் என நீட்டிக் கொடுத்தது. பழுது எவர் கண்ணுக்கும் தெரியும்படி கம்பெனியின் பொருளிலேயே இருந்ததால் வாதத்துக்கு இடமில்லாமற் போயிற்று. பின்வந்த வழக்குகள் அவ்வாறு எளிதில் முடியவில்லை. அவற்றில் எண்ணெயும் ஒரு தரப்பாகிவிட்டது.

புகையால் காற்று கெடுவதைத் தடுக்க, டீசலிலுள்ள கந்தகத்தைக் குறைக்க அரசுகள் முற்பட்டன. அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்குரிய டீசலின் கந்தகம் 1993-இல் பத்து இலட்சத்தில் 500 பங்கு என்றும், 2006 முதல் 15 பங்கு என்றும் வரையறுக்கப்பட்டது. நோக்கம் நன்று. ஆயினும் கந்தகத்தை நீக்கும் நீரகவாயு முறையில், எண்ணெய்க்கு இயற்கையாக மசகுத்தன்மை தரும் நுண்பொருள்களும் உடன்போயின. கந்தகம் குறைந்த டீசலை 1991 முதல் ஊக்குவித்த சுவீடனில், சிறிது தொலைவே ஓடிய வண்டிகளின் பம்புகள் தேய்ந்து வீழ்ந்தபோது அறிஞர்கள் இதனைக் கண்டுகொண்டனர். எண்ணெயில் மூழ்கிய தகட்டின்மீது சிறிய எஃகுக் குண்டொன்றை 60 பாகை சூட்டில் 75 நிமிடம் உரசி, குண்டில் விழும் தழும்பை அளப்பது சோதனை முறை. தழும்பு பெரிதானால் எண்ணெய் தாழ்ந்தது. ஐரோப்பா 460 மைக்ரோன் வரையே இசைந்தது. அமெரிக்கா 2005 முதல் 520 வரை இடங்கொடுத்தது. செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் எஸ்டர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்ந்தாலே இழந்த மசகு பெரும்பாலும் மீளும் என்பது இங்குள்ளோர் அறிந்து மகிழத்தக்கது. 2019 பிப்ரவரி முதல் மலேசியச் சாலை டீசலில் அது நூற்றுக்குப் பத்து சேர்க்கப்பட்டது.

அந்த 60 மைக்ரோன் இடைவெளியில் வந்து நுழைந்ததே போஷ் கம்பெனியின் ‘சிபி 4’ பம்பு. முன்னைய ‘சிபி 3’ பம்பில் மூன்று பிஸ்டன்கள் இருந்தன. இதன் பிக்கப் வகையில் இரண்டே. எடை குறைவு, அழுத்தம் ஏறத்தாழ 2,000 பார். 2011-ஆம் ஆண்டு வண்டிகளில் போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இதனை ஏற்றன. பிஸ்டனின் அடியில் சிறு வாளி போன்ற உறுப்பும், அதில் ஓர் உருளையும் உண்டு. சுழலும் கேமின்மேல் அவ்வுருளை உருண்டு ஓடவேண்டும். மசகு போதாமலோ, வாளி தன் இடத்திற் சிறிது திரும்பியோ உருளை நின்றுவிட்டால், அது உருளாது, உராயும். எஃகு எஃகைச் சுரண்டும். சுரண்டிய பொடி எண்ணெயோடு சேர்ந்து, மயிரிழையினும் நுண்ணிய இடுக்குகளையுடைய இன்ஜெக்டர்கள் அனைத்திலும் ஏறும். திரும்பும் எண்ணெயோடு தொட்டிக்கும் போகும். ஆகவே ஒரு பம்பு கெட்டால் எண்ணெய் ஓடும் பாதை முழுவதையும் மாற்றவேண்டும். செலவு 10,000 அமெரிக்க டாலர் அளவுக்கும், சிலவேளை அதற்கு மேலும் ஏறும்.

உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 100,000 மைல். மாட்டுவண்டியோ படகோ பின்னிழுத்துச் செல்லும் உடைமையாளர், மைல் கணக்கு மிச்சமிருக்கிறது என்ற துணிவோடு பட்டறைக்கு வருகிறார். பட்டறையார் வடிகட்டியைக் கழற்றுகின்றனர். அடியில் துருப்பொடியோ ஒரு துளி நீரோ தென்பட்டால், ‘கெட்ட எண்ணெய், உத்தரவாதம் செல்லாது’ என்ற தீர்ப்பு வெளிவருகிறது. எண்ணெய் ஊற்றிய நிலையத்தைக் கேள், காப்புறுதிக் கம்பெனியைக் கேள் என்கின்றனர். எந்த ஊரில் எந்த நாளில் ஊற்றிய எண்ணெய் என்று அவர் எங்ஙனம் மெய்ப்பிப்பார்? சோதிப்பவர் கம்பெனியின் முகவர். குற்றம் கம்பெனியுடையது எனக் கண்டால் பணம் கொடுக்க வேண்டியது அக்கம்பெனியே. வழக்காடுவோனே நடுவனாகவும் அமர்ந்த அவையில் எளியவன் சொல் ஏறுமா?

வழக்குமன்றம் சென்றோர்க்கு இன்னொரு வியப்புக் காத்திருந்தது. தாளில் எழுதியிருப்பது ‘மூலப்பொருளிலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறை’ என்பதே. வடிவமைப்பு என்னும் சொல் அங்கில்லை. உலோகம் நல்லதாய், கைவேலையும் செம்மையாய் இருந்து, வரைபடமே பிழையாயின் அது இவ்விரண்டனுள் அடங்காது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பல தீர்த்துள்ளன. இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். தன் பம்பு ஒன்றே கெட்டது என்றால், எண்ணெயின் குற்றம் என்பர். இவ்வகைப் பம்புகள் எல்லாமே இந்நாட்டு எண்ணெய்க்கு ஏலாதவை என்று ஒருவர் நூறு சான்று காட்டினால், அது வடிவமைப்புக் குறை, தாளில் அதற்கு இடமில்லை என்பர். குறை எவ்வளவுக்குப் பரந்ததோ அவ்வளவுக்கு உத்தரவாதம் சுருங்குகிறது! எளிய மொழியில் எழுதுக என்ற 1975-ஆம் ஆண்டுச் சட்டம், எழுதாமல் விட்ட சொல்லைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை.

கைகொடுத்தது முற்றிலும் வேறொரு சட்டம். 1966-இல் இயற்றப்பட்ட மோட்டார்ப் பாதுகாப்புச் சட்டம் உத்தரவாதத்தைப் பார்ப்பதில்லை. உயிருக்கு இடருண்டா என்பதையே பார்க்கிறது. விரைவுச்சாலையில் திடீரென இயந்திரம் நிற்பது இடர். ராம் பிக்கப் வண்டிகளின் கம்மின்ஸ் இயந்திரத்தில் 2019, 2020-ஆம் ஆண்டுகளில் ‘சிபி 4’ பொருத்தப்பட்டிருந்தது. 2021 அக்டோபரில் கூட்டரசுப் பாதுகாப்பு அலுவலகம் விசாரணை தொடங்கிற்று. நவம்பரில் கம்பெனி ஏறத்தாழ 222,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வடிகட்டியில் துரு உண்டா என்ற கேள்வி இப்போது எழவில்லை. கழற்றிய பம்புக்கு மாற்றாகப் பொருத்தியது, பழைய ‘சிபி 3’. நாடு அதே நாடு, எண்ணெயும் அதே எண்ணெய்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ஆம் ஆண்டு வண்டிகளில் ஜப்பானிய டென்சோ பம்புக்கு மாறிவிட்டது. அதற்கு முன் விற்ற 2011 முதல் 2016 வரையான ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப் வண்டிகளுக்காக உடைமையாளர்கள் 2019-இல் மிச்சிகன் கூட்டரசு நீதிமன்றத்தில் தொடுத்த கூட்டுவழக்கு, 2024-இல் 5 கோடி டாலர் உடன்பாட்டில் வந்து நின்றது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கலிபோர்னியா, புளோரிடா, இல்லினாய், அயோவா, நியூயார்க், பென்சில்வேனியா, டெக்சஸ் ஆகிய ஏழு மாநிலங்களில் வாங்கியோர்க்கே அவ்வுடன்பாடு உரியது. டெக்சஸ் எல்லையைத் தாண்டி ஒக்லகோமாவில் அதே வண்டியை, அதே பம்போடு, அதே தாளோடு வாங்கியவர்க்கு அத்தொகையிற் பங்கில்லை.